இரண்டு விரற்கடை குறைந்த கயிறு

கோகுலத்தில் வெண்ணெய்ப் பானையை உறியில் ஏற்றி வைத்ததே குழந்தைக்கு எட்டக் கூடாது என்பதற்காகத்தான். பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தைப் படித்தவர்களும் உபந்யாசங்களில் கேட்டவர்களும் அடுத்து நடந்ததை அறிவார்கள். உரலைப் புரட்டிப் போட்டு அதன்மேல் ஏறினான் கண்ணன். அப்போதும் எட்டாத பானையில் துளையிட்டான். உறி உதவாது என்று கண்ட யசோதை கயிற்றைக் கையில் எடுத்தாள். கயிறு இரண்டு விரற்கடை குறைந்தது. இன்னொரு கயிற்றை அதனுடன் முடிந்தாள். மீண்டும் இரண்டு விரற்கடை. வீட்டிலிருந்த கயிறுகளையெல்லாம் முடிந்து பார்த்தும் அந்த இரண்டு விரற்கடை நிரம்பவில்லை. தாயின் மேனி வியர்த்து, கூந்தல் அவிழ்ந்து, சூடிய மலர் உதிர்வதைக் கண்ட பிறகே அவன் கட்டுண்டான். தாமோதரன் என்ற திருநாமம் அதனால் வந்தது. மதுரகவியாழ்வாரின் பிரபந்தத்துக்குப் பெயரே அந்தக் கயிற்றை வைத்துத்தான்.

அந்த இரண்டு விரற்கடைக்குப் பெரியோர் பொருள் கூறுவதுண்டு. ஒன்று கட்டுகிறவரின் முயற்சி. மற்றொன்று கட்டுப்படுகிறவனின் இசைவு. இரண்டில் எது குறைந்தாலும் கயிறு எட்டாது. இந்த விளக்கத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சென்ற புரட்டாசிக்குப் பிறகு அது எனக்கு வேறொரு பொருளில் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

பட்டாபிராமில் எங்கள் தெருவில் மாலை நான்கு மணிக்குப் பள்ளி வேன்கள் வந்து நிற்கும். குழந்தைகளை இறக்கிக்கொள்ள வாசலில் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகளே. தாயும் தந்தையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ, ஆவடித் தொழிற்சாலைகளிலோ, 2024 நவம்பரில் இங்கேயே திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பூங்காவிலோ வேலை பார்க்கிறார்கள். கிண்டிக்கும் அதற்கப்பாலும் போய் வருபவர்களும் உண்டு. விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வீடு திரும்புகிறார்கள். இடைப்பட்ட மூன்று மணி நேரம் குழந்தை நம் பொறுப்பு. அந்த நேரத்தில் அதன் கைக்கு எட்டும் கைப்பேசியும் நம்முடையதே. இந்த இரண்டாவது செய்தியைக் கயிறு செய்பவர்கள் கணக்கில் கொள்ளவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்தக் காலத்து யசோதையர் கையில் இருக்கும் கயிற்றுக்குப் பெற்றோர் கட்டுப்பாடு என்று பெயர். குழந்தை எந்தச் செயலியைத் திறக்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம், எந்தப் பக்கம் கண்ணில் படக் கூடாது என்பதையெல்லாம் தாய் தன் கைப்பேசியிலிருந்தே அமைத்துவிடலாம். கணினித் துறையில் பணிபுரியும் என் மருமகள் இதில் கைதேர்ந்தவள். ஆறாம் வகுப்புப் படிக்கும் பேரனின் டேப்பில் அவள் அமைத்திருந்த கட்டுகள் பல. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். இரவு எட்டு மணிக்குத் திரை தானே அணைந்துவிடும். அவள் அனுமதியின்றிப் புதிய செயலி எதுவும் ஏறாது. ஞாயிறுதோறும் அவளுக்கு ஓர் அறிக்கையும் வரும். கணக்குப் பயிற்சி இத்தனை நிமிடம், ஓவியம் இத்தனை நிமிடம் என்று அதில் இருக்கும். அந்த அறிக்கை ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

புரட்டாசி முடிந்த பிறகும் சனிக்கிழமைகளில் பேரனை அழைத்துக்கொண்டு திருநின்றவூர் பக்தவத்சலப் பெருமாளைச் சேவித்து வருவது எனக்கு வழக்கம். மின்சார ரயிலில் பட்டாபிராமுக்கு அடுத்து நெமிலிச்சேரி, அதற்கடுத்தது திருநின்றவூர். ஏறி அமர்வதற்குள் இறங்க வேண்டிய தூரம்தான். நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே போவோம். அந்தச் சனிக்கிழமை தாயார் சந்நிதியில் நின்றபோது, இவளுக்கு ஏன் 'என்னைப் பெற்ற தாயார்' என்று பெயர் என அவன் கேட்டான். வைகுண்டத்தை விட்டு இங்கே வந்து நின்றுவிட்ட திருமகளைத் திரும்ப அழைக்க வந்தவன் சமுத்திரராஜன். அவளுக்குத் தந்தை முறை. அவனே மனமுருகி அவளைத் தன்னைப் பெற்ற தாயே என்று அழைத்தான் என்பது தலபுராணம். "அப்பாவே பொண்ணை அம்மான்னு கூப்பிட்டாரா?" என்று சிரித்தான். ஆமாம் என்றேன். பிரகாரத்தில் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிடும்போது திடீரென்று கேட்டான்.

"தாத்தா, கேம்ல ஒரு அண்ணா இருக்காரு. ஸ்கூல் யூனிபார்ம்ல ஒரு போட்டோ அனுப்பச் சொல்றாரு. அனுப்பலாமா?"

எனக்கு ஒரு கணம் பிரகாரமே சுழன்றது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. எந்த விளையாட்டு, எந்த அண்ணா என்று மெல்லக் கேட்டேன். சுட்டுப் பிடிக்கும் வகை விளையாட்டு ஒன்று. நால்வர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடலாம். ஆடும்போது ஒருவரோடொருவர் பேசலாம். ஐந்தாறு வாரங்களாக அந்த 'அண்ணா' இவன் அணியில் வருகிறார். இவன் தோற்கும்போதெல்லாம் காப்பாற்றுகிறார். விளையாட்டுக்குள் அணியும் விலையுயர்ந்த உடை ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். எந்தப் பள்ளி என்று கேட்டிருக்கிறார், இவன் சொல்லியிருக்கிறான். எந்த ஸ்டேஷன் பக்கம் வீடு என்று கேட்டிருக்கிறார், அதையும் சொல்லியிருக்கிறான். இப்போது படம் வேண்டுமாம். முகம் தெரியும்படி, சீருடையில். இன்னொரு படமும் உண்டாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறாராம்.

அனுப்பிவிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான். எப்போது விளையாடினாய், டேப்பில் அது இல்லையே என்றேன். அதற்குத் தயங்காமல் விடை வந்தது: "பாட்டி போன்ல."

வீட்டுப்பாடத்தைப் பள்ளிக்கூடம் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது குழந்தைகளின் கைக்கு வந்த கைப்பேசி, 2021 நவம்பரில் சிறு வகுப்புகள் மீண்டும் திறந்த பிறகும் அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. மாலையில் தாய் வீட்டில் இல்லாததால் அந்தக் குழுவில் என் மனைவியின் எண்ணும் சேர்க்கப்பட்டிருந்தது. அவள் கைப்பேசியின் கணக்கில் பதிந்துள்ள பிறந்த ஆண்டு 1959. ஆகவே அந்தக் கைப்பேசியைப் பொறுத்தவரை, மாலை ஐந்து மணிக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு சுட்டு விளையாடியவர் பேரனும் பேத்தியும் எடுத்த ஒரு மூதாட்டி. அவருக்கு யார் பூட்டுப் போடுவார்கள்?

பின்னர் அந்தக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோது, யூடியூப் அவளுக்குப் பரிந்துரைத்த காணொளிகளின் வரிசையே கதையைச் சொல்லிற்று. விஷ்ணு சஹஸ்ரநாமம், அதற்கடுத்து துப்பாக்கி ஏந்திய வீரன். காஞ்சி வரதரின் கருடசேவை, அதற்கடுத்து வெற்றிக் கூச்சலிடும் இளைஞன். இயந்திரம் இருவரையும் ஒருவராக எண்ணி இருவருக்கும் சேர்த்தே விருந்து படைத்திருந்தது. மனைவியின் கைப்பேசியைத் திறக்கும் நான்கு எண்கள் பேரனின் பிறந்த நாள். அன்பர்கள் பலர் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும். வேறு எண்ணாக இருந்தாலும் பயனில்லை. நமக்குக் கைப்பேசியைக் கையாளக் கற்றுத் தந்தவர்களே அவர்கள்தாமே. பூட்டையும் சாவியையும் செய்து கொடுத்தவனிடமிருந்து எதைப் பூட்டி வைப்பது?

இந்த வசதிகளை உருவாக்கியவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் அவர்கள் மனத்தில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு தாய், ஒரு தந்தை, ஒரு குழந்தை, ஆளுக்கொரு கருவி, ஒருவர் கருவியை மற்றவர் தொடுவதில்லை. நம் வீடுகள் அப்படிப்பட்டவை அல்ல. ரேஷன் கடைச் செய்தியும், மருத்துவமனைச் சீட்டும், பேரனின் வீட்டுப்பாடமும், ஊரிலிருந்து தங்கை அழைப்பதும் ஒரே கைப்பேசியில் நடக்கும் வீடுகள் இவை. பூட்டு குழந்தையைப் பின்தொடர்வதில்லை; அது பூட்டப்பட்ட கருவியோடு நின்றுவிடுகிறது. குழந்தை கூடத்திலிருந்து அடுக்களைக்கு நடந்து போனாலே அதைத் தாண்டிவிடுகிறது.

கருவி சரியானதாக இருந்தாலும் வடிகட்டிக்கு வேறு இடர்கள் உண்டு. இதைக் கணினி அறிந்த என் மகன் எனக்கு விளக்கியதை, நம் போன்றோருக்குப் புரியும் முறையில் சொல்கிறேன். முற்காலத்தில் அஞ்சலட்டை வந்தால் தபால்காரரே படித்துவிடலாம். ஒட்டிய உறை வந்தால் மேலே உள்ள முகவரி மட்டுமே அவர் கண்ணுக்குத் தெரியும். இன்றைய இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி ஒட்டிய உறைதான். நம் வங்கிக் கணக்கைத் திருடர்கள் பார்க்காமல் இருக்க அது தேவை. ஆனால் இணைய இணைப்புத் தரும் நிறுவனம் ஒரு வடிகட்டி வைத்தாலும், எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். அந்தத் தளத்தின் எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஆண்டாள் பாசுரத்துக்கு விளக்கவுரையும் ஆபாசப் பேச்சும் ஒரே முகவரியில் குடியிருக்கும்போது, உறையின் மேலே பார்த்து ஒன்றை விட்டு மற்றொன்றைத் தடுக்க இயலாது. தடுத்தால் இரண்டையும் தடுக்க வேண்டும்; விட்டால் இரண்டையும் விட வேண்டும்.

சரி, உறைக்குள்ளேயே இருந்துகொண்டு தளத்தை நடத்துபவரே வடிகட்டினால்? அதையும் செய்து பார்த்தார்கள். 2015 இல் கூகுள் நிறுவனம் குழந்தைகளுக்கென்றே யூடியூப் கிட்ஸ் என்ற தனிச் செயலியை வெளியிட்டது. 2017 நவம்பரில் அமெரிக்க நாளேடுகள் அதைப் பற்றி எழுதிய செய்திகள் பெற்றோரைக் கலங்க வைத்தன. குழந்தைகள் விரும்பும் கேலிச்சித்திரப் பாத்திரங்களைப் போலவே வரைந்து, அவற்றை வன்முறையிலும் அருவருப்பிலும் ஈடுபடுத்திய காணொளிகள் அந்தச் செயலிக்குள்ளேயே புகுந்திருந்தன. தலைப்பையும் படத்தையும் பார்த்த இயந்திரம் அவற்றைக் குழந்தைகளுக்கு உரியவை என்றே கருதி உள்ளே விட்டது. நிறுவனம் பிறகு பலவற்றை நீக்கியது, விதிகளையும் கடுமையாக்கியது. ஆனாலும் அதற்கு முன் பார்த்துவிட்ட குழந்தைகள் பார்த்தவைதானே.

தமிழ் என்று வரும்போது நிலைமை இன்னும் தளர்கிறது. 2021 ஜூனில் ஒரு யூடியூபரைக் காவல்துறையினர் தருமபுரியில் கைது செய்தது நினைவிருக்கலாம். கைப்பேசி விளையாட்டை ஆடிக்கொண்டே நேரலையில் பெண்களைப் பற்றிக் காது கூசும் சொற்களைப் பேசியவர் அவர். லட்சக்கணக்கானோர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் பள்ளிச் சிறுவர் ஏராளம். ஆங்கிலத்தில் ஒரு கெட்ட சொல் எழுத்தில் வந்தால் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி, நம் தெருத்தமிழில் வாயால் பேசிய வசையை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. 1996 இல் இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்னும் ஊரில் வாழ்பவர்கள் ஓர் இணைய நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். அவர்கள் ஊர்ப்பெயரின் நடுவே ஒரு தகாத சொல்லின் எழுத்துகள் வரிசையாக வருகின்றன என்று இயந்திரம் தடுத்துவிட்டதாம். குற்றமற்ற ஊரை மறித்துக் குற்றமுள்ள வாயைத் திறந்துவிடும் காவலாளி.

ஆனால் எங்கள் வீட்டில் நேர்ந்தது இவற்றில் எதுவும் அன்று. அவன் ஆடிய விளையாட்டில் ஆபாசப் படம் இல்லை. தடைசெய்யப்பட்ட பக்கம் எதுவும் திறக்கப்படவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட அந்த 'அண்ணா' பேசவில்லை. மாறாக, மிகவும் அன்பாகப் பேசியிருக்கிறார். 'சாப்பிட்டியா?' என்று கேட்பாராம். அன்பான சொற்களை எந்த வடிகட்டியால் தடுக்க முடியும்? மாரீசன் மானாக வந்தபோது ஆசிரமத்தில் காவல் இல்லாமலா இருந்தது? காவல் இருந்தது, வந்தது மான் என்பதுதான் சிக்கல்.

அன்று ரயிலில் திரும்பும்போது ஒரு கேள்வியை மட்டும் அவனிடம் கேட்டேன். இதை ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை? "அம்மாகிட்ட சொன்னா பாட்டி போன்ல கேம் ஆடினது தெரிஞ்சிடும்ல தாத்தா" என்றான்.

இந்த ஒரு விடையைத்தான் நான் இத்தனை நாளாக நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறேன். எந்தப் பூட்டு அவனைக் காக்கப் போடப்பட்டதோ, அதே பூட்டுதான் அவன் வாயையும் பூட்டிவிட்டது. கட்டை மீறிய குழந்தைக்கு அபாயம் நேரும்போது, அபாயத்தைச் சொல்ல வேண்டுமானால் மீறியதையும் சொல்லியாக வேண்டும். பதினொரு வயதுக் குழந்தைக்கு இரண்டில் எது பெரிது? முகம் தெரியாத ஒருவன் கேட்கும் படத்தைவிட, அம்மா பிடுங்கிக்கொள்ளப் போகும் விளையாட்டுதான் அதற்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. இப்படிக் குழந்தைகளைத் தேடி வலைவீசுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'அம்மாவிடம் சொல்லாதே, போனை வாங்கிக்கொள்வார்கள்' என்று அவர்கள் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை. அதை நாமே முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கிறோம்.

என்னிடம் ஏன் சொன்னான் என்பதையும் யோசித்தேன். என் கையில் பூட்டு இல்லை. என்னால் பிடுங்க முடிந்தது ஒன்றுமில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் எதைக் கேட்டாலும் விடை சொல்லும் ஒரு கிழவன், அவ்வளவுதான். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அன்று பிரகாரத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தாலும் சொல்லியிருக்கக் கூடும். ஆனால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வீட்டில் அன்றிரவு நடந்ததை விரிக்கப் போவதில்லை. மருமகள் கண்ணீருடன், "மாமா, ஞாயித்துக்கிழமை ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையே" என்று மீண்டும் மீண்டும் சொன்னாள். மகன் வீட்டில் இருந்த கருவிகள் அனைத்தையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றான். நான் அதை ஏற்கவில்லை. சொன்னதற்குப் பரிசு பறிமுதல் என்றால், அடுத்த முறை அவன் சொல்லவே மாட்டான் என்பது என் வாதம். முதலில் அவனிடம், நீ சொன்னது நல்லது, உன்மேல் கோபம் இல்லை என்று தாயும் தந்தையும் சொல்லட்டும். மற்றது பிறகு என்றேன். மருமகள்தான் முதலில் இசைந்தாள். அவனை மடியில் இருத்திக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

சட்டம் என்ன செய்கிறது என்ற கேள்வி இயல்பாகவே எழும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2018 இல் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. குழந்தைகளைத் தீய காட்சிகளிலிருந்து காக்க, இணைய இணைப்பு நிறுவனங்களே பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியைத் தர வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 2025 டிசம்பரில் நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரனும் கே.கே. ராமகிருஷ்ணனும் அதில் தீர்ப்பளித்தார்கள். ஆஸ்திரேலியாவில் அதே மாதம் 10 ஆம் தேதி நடைமுறைக்கு வந்த, 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ளத் தடை விதிக்கும் சட்டத்தைப் போன்ற ஒன்றை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று அவர்கள் கருத்துத் தெரிவித்தது எல்லா நாளேடுகளிலும் வந்தது. நிறுவனங்கள் தடுப்பது மட்டும் போதாது, பயன்படுத்துவோர் முனையிலும் கட்டுப்பாடு வேண்டும், அதற்கு மக்களிடையே விழிப்புணர்வு வேண்டும் என்று அவர்கள் கூறியதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. எனக்கு இரண்டாவது கருத்துதான் முதன்மையாகப் படுகிறது. தடை வந்தாலும் அது பார்க்கப் போவது கணக்கின் வயதைத்தான். என் மனைவியின் கணக்குக்கு எந்தச் சட்டமும் 16 வயது என்று சொல்லப் போவதில்லை.

தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு விதிகள் வந்தன. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது. ஆதார் மூலம் ஆளை உறுதி செய்ய வேண்டும். கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைத் தர வேண்டும். உயர் நீதிமன்றமும் அந்த விதிகளை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளையே நாடு முழுவதும் தடை செய்து மத்திய அரசு சட்டம் இயற்றியது. அவையெல்லாம் நல்லவையே. ஆயினும் அந்த ஓடிபி எண் யார் கைப்பேசிக்கு வருகிறது, அந்த நேரத்தில் அது யார் கையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2023 ஆம் ஆண்டுச் சட்டமும், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் உறுதிசெய்யப்பட்ட இசைவு வேண்டும் என்கிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அந்த ஏற்பாடும் பெரும்பாலும், குழந்தை தன்னைக் குழந்தை என்று சொல்லிக்கொள்வதிலிருந்துதான் தொடங்குகிறது. பாட்டியாக உள்ளே நுழைந்துவிட்டவனிடம் யார் இசைவு கேட்பார்கள்?

இதையெல்லாம் சொல்வதால் பூட்டே வேண்டாம் என்று கொள்ளலாகாது. தவறுதலாகக் கண்ணில் படும் பல கசடுகளை அது தடுக்கிறது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அது பேருதவி. எங்கள் வீட்டிலும் டேப்பில் கட்டுகள் அப்படியே இருக்கின்றன. மனைவியின் கைப்பேசியில் ஒரு செயலியை மட்டும் திரையில் நிறுத்தி வைக்கும் வசதி உண்டு என்று மகன் அமைத்துக் கொடுத்தான். வீட்டுப்பாடம் பார்க்கும்போது வாட்ஸ்அப்பை விட்டு வேறெங்கும் போக முடியாது. மூன்றாம் நாள் அவளே அதில் சிக்கிக்கொண்டாள். பிரதோஷப் பூஜை நேரலையைப் பார்க்க வேண்டும், திரையோ நகர மறுக்கிறது. "டேய், வந்து இதை அவுத்து விடுடா" என்று அவள் அழைத்தது யாரை என்று சொல்ல வேண்டுமா? அவனும் வந்து அவிழ்த்துவிட்டுப் போனான். அதன் பிறகு அந்த வசதியை நாங்கள் வலியுறுத்தவில்லை.

இப்போது நடைமுறையில் இருப்பது எளியது. பாட்டியின் கைப்பேசிக்குக் கூடத்து ஊஞ்சலுக்கு அருகே ஓர் இடம், வீட்டுப்பாடமும் அங்கேதான். அந்த விளையாட்டை அவன் விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தந்தையோடு ஆடலாம், தெரிந்த நண்பர்களோடு மட்டும். மகனுக்கு அது வரவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் நிமிடத்தில் சுடப்பட்டு விழுகிறான். பேரனுக்கு அதில் பெருமகிழ்ச்சி.

இப்படி ஒன்று உங்கள் வீட்டில் நேர்ந்தால் செய்ய வேண்டியதை, நாங்கள் அறிந்துகொண்ட அளவில் குறிப்பிட்டுவிடுகிறேன். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடக் கூடாது; அதுதான் சான்று. திரையை அப்படியே படம் பிடித்து வைக்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது. சைபர் குற்றங்களுக்கான எண் 1930. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 ஆம் ஆண்டு போக்ஸோ சட்டம், நேரில் தீண்டினால் மட்டுமல்லாமல், இணைய வழியே தகாத நோக்கத்துடன் குழந்தையைத் தொடர்ந்து அணுகுவதையும் குற்றமாகவே கருதுகிறது. படம் ஏற்கெனவே போய்விட்டிருந்தாலும் அந்தக் குழந்தையின்மேல் குற்றம் இல்லை என்பதை முதலில் அதனிடம் சொல்ல வேண்டும். மானம் போய்விடும் என்று பெரியவர்கள் மூடி மறைப்பதைத்தான் அந்தக் கயவர்கள் முதலாக வைத்துத் தொழில் நடத்துகிறார்கள்.

நாங்களும் புகார் அளித்தோம். புகார் எண் வந்திருக்கிறது. பள்ளியின் பெயரும் வீட்டுப் பக்கத்து நிலையத்தின் பெயரும் வெளியே போய்விட்டதால், இரண்டு மாதங்களாகப் பள்ளி வேனை நம்பாமல் நானே காலையும் மாலையும் போய் வருகிறேன். விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கும் எழுதினோம். இயந்திரம் எழுதிய நன்றிக் கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் வந்தது. ஒரு வாரத்துக்குப் பின் அந்த 'அண்ணா'வின் பெயர் விளையாட்டிலிருந்து மறைந்துவிட்டதாகப் பேரன் கவனித்துச் சொன்னான்.

சென்ற சனிக்கிழமை நெமிலிச்சேரி தாண்டியபோது, "வேற பேர்ல வருவாரா தாத்தா?" என்று கேட்டான். வரக்கூடும் என்றுதான் சொன்னேன்.